தீவும் தீயும்
(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவன் நான். எரிமலையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது தயங்கினேன். எனினும் என் தமக்கையார் அந்தமானில் வாழ்க்கைப்பட்டவர். தண்டவாளமே இல்லாத அத்தீவுகளுக்குக் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி ஒருமுறை சென்று வந்தேன். அந்த உரிமையில் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு உள்ளது. தரிசுத் தீவு என்பது அப்பெயரின் பொருள். அகலம் 3 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 350 மீட்டர். சிறு குன்றுதானே என எண்ணிவிடாதீர்கள்! அதன் அடிவாரம் கடலுக்குள் 2,000 மீட்டருக்கும் கீழே இருக்கின்றது. நாம் காண்பது முடியை மட்டுமே. தென்னாசியாவில் இன்றும் உயிர்ப்புள்ள எரிமலை இஃதொன்றே.

1787இல் அது கனன்றதாகக் குறிப்பு உண்டு. பின்னர் நூறாண்டுகளுக்கு மேல் உறங்கி, 1991இல் விழித்தது. 2017 ஜனவரியில் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 'சிந்து சங்கல்ப்' என்னும் கப்பலிலிருந்து அதனைக் கண்டனர். பகலில் சாம்பற்புகை, இரவிலோ செந்நிற நெருப்பூற்று! அங்கே ஆடுகளும் பறவைகளும் உண்டு, மனிதர் குடியில்லை.

அதற்கு வடக்கே நார்கொண்டம் என்றொரு தீவு. 'நரக குண்டம்' என்பதே அவ்வாறு திரிந்தது என்றும், அது முதலில் பாரன் தீவின் பெயராக இருந்திருக்கலாம் என்றும் கருதுவோர் உளர். இன்று அது அடங்கிய எரிமலை, பசுங்காடு போர்த்தது. உலகில் வேறெங்கும் காணப்படாத இருவாட்சிப் பறவை ஒன்று அங்கே வாழ்கின்றது. பெயர் ஒரு தீவுக்கு. நெருப்பு மற்றொரு தீவுக்கு!

திருமணமாகிச் சென்ற புதிதில் என் தமக்கையார் எரிமலையை எண்ணி அஞ்சினார். ஆனால் ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் முதலிய ஊர்களுக்கும் அதற்கும் இடையே கடலே காவலாக இருந்தது. அக்காவலனே ஒருநாள் பகைவனானான்.

இந்திய நிலத்தட்டு அத்தீவுகளின் அடியில் மெல்ல அமிழ்கின்றது. ஆழத்தில் அது வெளியிடும் நீரால் மேலுள்ள பாறை உருகி எரிமலையாகின்றது. அவ்வமிழ்வே நிலநடுக்கத்திற்கும் காரணம். எனவே எரிமலையும் நடுக்கமும் ஒருதாய் மக்கள். 26.12.2004 காலை அந்நிலத்தட்டுத் திடீரென நழுவியது. கார் நிக்கோபாரும், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த கச்சாலும் பேரழிவுக்கு உள்ளாயின. அப்பொழுது நான் வேலையில் சேர்ந்திருந்த புதிது. மூன்று நாள் தமக்கையாரைப் பற்றிய செய்தியே இல்லை. நான்காம் நாள் தொலைபேசியில் அவர் குரல் கேட்டது: "தம்பி, நாங்கள் பிழைத்திருக்கிறோம். மலையைப் பார்த்துப் பயந்தேன்; கடலை நினைக்கவில்லை." அச்சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

அன்பர்களே! நிலம் நடுங்கியது காலை ஆறரை மணியளவில். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அலை புகுந்ததற்கு இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்தது. அந்நேரத்திற்குள் சொல்வார் இல்லாமற் போயினர். இரயில்வேயில் அடுத்த நிலையத்தாரைக் கேட்டறியாமல் வண்டியை அனுப்புவதில்லை. அன்று கடலுக்கு அத்தகைய ஏற்பாடு நம்மிடம் இல்லை. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அமைந்தது. அது நமக்குப் பெரும்பேறு.

எனினும் நிலையம் சொன்னால் மட்டும் போதாது, கேட்பவரும் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் நம் குழந்தைகள் கடற்கரையில் விளையாடுவர். நிலம் நெடுநேரம் நடுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நிற்கலாகாது. மேட்டு நிலம் நோக்கி உடனே ஓடவேண்டும். பொருளெடுக்கத் திரும்பலாகாது. முதலலை வடிந்தபின்னும் இறங்கலாகாது. பின்வருவது அதனினும் பெரிதாக இருத்தல் கூடும். இவற்றை இன்றிரவே உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

எரிமலை புகையைக் காட்டி எச்சரிக்கின்றது. கடலடி நிலமோ ஓசையின்றிக் காத்திருக்கின்றது. கண்ணுக்குத் தெரியும் தீயினும், தெரியாத அசைவுக்கே நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.