பயிற்றுநர் என்னும் ஆசிரியர்

காவிரியும் பவானியும் கூடும் இவ்வூரில் ஜமுக்காளத் தறியிலும் வயற்காட்டிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர்க்கே இப்பட்டமளிப்பு நாளின் முதல் வாழ்த்து உரியது.

விளையாட்டுப் பயிற்றுநரின் பணி ஆசிரியப் பணியே என்பதும், அதன் பயன் பல்லாண்டு கழித்தே வெளிப்படும் என்பதும் இவ்வுரை வலியுறுத்தும் கருத்துகளாகும். இவற்றுக்குச் சிறந்த சான்று, ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவர், ஹைதராபாத் நகரக் காவல்துறைக் கால்பந்து அணியை 1963இல் மறையும்வரை பயிற்றுவித்தார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

வலுக்குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியுடன் அவர் தனிப் போட்டிகளை நடத்தினார். எதிராளியை ஏமாற்றிப் பந்தைத் தானே உருட்டிச் செல்லும் ‘டிரிப்ளிங்’ ஆட்டத்தைத் தடைசெய்த போட்டிகளும் நடந்தன. இவ்வுரையாளரின் மாணவப் பருவத்தில் பயிற்சி என்பது பெரும்பாலும் மைதானத்தைச் சுற்றி ஓடுவதாகவே இருந்தது. இடக்காலால் பந்தைக் கடத்தக் கற்றுத்தருவார் எவருமில்லை. அக்குறையை உணர்ந்து பின்னர் உடற்கல்வித் துறையையே வாழ்க்கையாகக் கொண்டவர்க்கு ரஹீமின் அருமை நன்கு விளங்கும்.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் ரஹீம் பயிற்றுவித்த இந்திய அணியின் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1–10 என்ற கணக்கில் தோற்றது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்னில், ஆஸ்திரேலியாவை 4–2 என வென்று அரையிறுதியை எட்டிய அணி நான்காம் இடம் பெற்றது. இவ்வெண்கள் உணர்த்துவது ஒன்றே: படுதோல்விக்குப் பின்னும் ஆசிரியரைக் கைவிடாமல் பாடத்தைத் திருத்திய நாடு முன்னேறியது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியே அவருடைய உழைப்பின் உச்சம். புற்றுநோய் உடலை வாட்டிக்கொண்டிருந்த நிலையில் அவர் அணியை வழிநடத்தினார். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்ற இந்தியா, தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலையில் காயமுற்றுத் தையல் போடப்பட்ட ஜர்னைல் சிங், எதிரணியின் தாக்குதலைத் தடுக்கும் பின்வரிசை வீரர். அவரை ரஹீம், கோல் அடிக்கும் முன்வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியில் தென்வியட்நாம் 3–2 என வீழ்ந்தது. செப்டம்பர் 4 அன்று, இந்தியருக்கு எதிராக ஆரவாரித்த பெருங்கூட்டத்தின் நடுவே, பி.கே.பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் அடித்த கோல்களால் தென்கொரியாவை 2–1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டு ஜூனில் ரஹீம் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பெற்ற கடைசித் தங்கம் அதுவே.

அவ்வணியின் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ், கொங்கு நாட்டை அடுத்த நீலகிரியின் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்துக்காக ஆடியவர் என்பதும், அம்மையத்தின் அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டியூராண்ட் கோப்பையை வென்றது என்பதும் இப்பகுதி இளைஞர் அறிய வேண்டிய செய்திகள். அமெரிக்காவில், நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அந்நாட்டுக் கால்பந்தில், கிராம்பிளிங் கல்லூரிக்கு 1941 முதல் 1997 வரை பயிற்சியளித்த எடி ராபின்சன் 408 வெற்றிகள் கண்டார்; நிலைத்து நிற்கும் ஆசிரியரிடமே அணி வளரும் என்பதற்கு அதுவும் சான்று.

இன்று பட்டம் பெறுவோரில் பலர் நாளை ஆசிரியராவர். சிலர் பள்ளிகளை நிர்வகிப்பர். தேர்வு நெருங்குகையில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை அவர்கள் கைவிட வேண்டும். உடற்கல்வி ஆசிரியருக்கு நேரத்தையும் மைதானத்தையும், முதல் தோல்வியிலேயே கைவிடாத நம்பிக்கையையும் அளிப்பது அவர்களுடைய கடமை. அக்கடமையை ஏற்போர்க்கு இப்பட்டம் பெருமை சேர்க்கும். அவர்களால் இக்கல்லூரியும் பெருமை பெறும்.