போனோ ஸ்டேஜ் வாங்கக் கிளம்பும் முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்த பிறகு சமுதாயக் கூடத்தில் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த பிறகும் எழுந்து போகாமல் இருக்கிறீர்கள். நன்றி. செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் நம் வளாகத்தில் இருக்கும் இரண்டு பேர். ஒருவர் ஓய்வூதியப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, தன் டர்ன்டேபிளுக்கு ஒன்றரை லட்ச ரூபாயில் ஒரு போனோ ஸ்டேஜ் வாங்கலாமா என்று கேட்டார். இன்னொருவர், மாமனார் விட்டுப்போன இரண்டு டிரங்குப் பெட்டி இசைத்தட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா என்று கேட்டார். கேள்விகள் வேறு வேறு போலத் தெரியும். பதிலைப் பிரிக்க முடியாது. அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

போனோ ஸ்டேஜ் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். டர்ன்டேபிளின் ஊசி தட்டின் வரியில் ஓடும்போது, கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் மிக மிகச் சிறியது. சாதாரண கார்ட்ரிட்ஜில் 5 மில்லிவோல்ட் வந்தால் அதிகம். உங்கள் சி.டி. பிளேயர் 2 வோல்ட் கொடுக்கிறது. 400 மடங்கு வித்தியாசம். ஆகவே ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன் அந்தச் சிறு மின்சாரத்தைப் பெருக்க ஒரு கருவி வேண்டும். இது முதல் வேலை.

இரண்டாவது வேலைதான் நுட்பமானது. தட்டில் வரி வெட்டும்போது கீழ்ச்சுருதி ஒலிகளைக் குறைத்தும், மேல்சுருதி ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து முழக்கத்தை அப்படியே வெட்டினால் வரி அகலமாக ஆடும். ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறைந்துவிடும். மேல்சுருதியைக் கூட்டி வெட்டினால், திரும்பக் கேட்கும்போது அதைக் குறைக்கையில் தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும். இதற்கு ஒரே அளவை ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் 1954-ல் வகுத்தது. உலகம் முழுவதும் அதையே எடுத்துக்கொண்டது. போனோ ஸ்டேஜ் அதைத் தலைகீழாகச் செய்கிறது. 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் கூட்டும். 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு குறைக்கும். இந்த எண்களை மனதில் வையுங்கள். வீட்டில் "உம்ம்ம்" என்று ஒரு சத்தம் வருமே, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. பிறகு வருகிறேன்.

இப்போது டிரங்குப் பெட்டிக்குப் போவோம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பழைய தட்டு கிடைத்தால் அது எங்கிருந்து வந்திருக்கும்? பாதி, மைக் செட் வைத்திருந்தவர்களிடமிருந்து. காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் திருவிழா எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, திருவிளையாடல் வசனத்தை ஊருக்கே ஒலிபரப்பிய தட்டுகள். நடுவில் ஒட்டிய தாளில் சவுண்ட் சர்வீஸ் பெயரை மையால் எழுதியிருப்பார்கள், கல்யாண வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி. இவை உழைத்த தட்டுகள். அன்றைய பெட்டி பிளேயர்களில் இருந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் ஐந்தாறு கிராம் எடையோடு வரியை அழுத்தியது. இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராமில் ஓடுகிறது. அந்த செராமிக் கார்ட்ரிட்ஜுக்குப் போனோ ஸ்டேஜே தேவைப்படவில்லை. அதுவே போதுமான மின்சாரம் கொடுத்தது. ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா வைத்திருந்த வீட்டுப் பெரியவர்களிடம் போனோ ஸ்டேஜ் என்றால் அவர்கள் விழிப்பதற்குக் காரணம் அதுதான்.

அப்படித் தேய்ந்த தட்டை ஒன்றரை லட்ச ரூபாய்ப் பெட்டி சரி செய்யாது. ஆனால் ஊசி கொஞ்சம் சரி செய்யும். பழைய ஊசிகள் உருண்டை முனை கொண்டவை. வரியின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தேய்த்திருக்கும். இன்றைய நீள்வட்ட முனையும், அதைவிட மெல்லிய முனைகளும் அந்தச் சுவரில் தேயாத இடத்தைத் தொட வாய்ப்பு உண்டு. அதனால் நான் யாரிடமும் முதலில் கேட்பது, "உங்கள் ஊசிக்கு என்ன வயது?" என்றுதான். ஊசி மாற்ற ஆகும் செலவு போனோ ஸ்டேஜ் செலவில் ஒரு சிறு பங்கு. தேய்ந்த ஊசியோடு விலை உயர்ந்த போனோ ஸ்டேஜ் வாங்கினால், தட்டு கிழிபடும் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

மாமனார் பெட்டியில் 78 சுழற்சித் தட்டுகளும் இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அவை பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. ஹெச்.எம்.வி., கொலம்பியா தட்டுகள் கல்கத்தாவில் அச்சானவை. 1908-ல் சியால்டாவில் தொடங்கிய தொழிற்சாலை 1928-ல் டம்டமுக்குப் போனது. ஒரு பக்கம் மூன்று நிமிடம், அதற்கு மேல் ஓடாது. அந்த மூன்று நிமிடத்துக்குள் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடி முடித்தாக வேண்டும். ராஜரத்தினம் பிள்ளையே தோடியை அதற்குள் சுருக்கியாக வேண்டும். கிட்டப்பா 1933-ல் மறைந்துவிட்டார். அவர் குரல் நமக்குக் கிடைப்பதே இந்த அரக்குத் தட்டுகளால்தான்.

இவற்றுக்கு விதி வேறு. எல்.பி. ஊசியை 78-ல் வைக்கக் கூடாது; அதன் முனை மெல்லியது, அகன்ற வரியின் அடியில் போய் அழுக்கோடு உரசும். 78-க்கென்று தனி ஊசி விற்கிறார்கள், 65 மைக்ரான் அளவில். ஆர்.ஐ.ஏ.ஏ. அளவும் இவற்றுக்குப் பொருந்தாது, ஏனென்றால் பெரும்பாலானவை 1954-க்கு முன்னால் வெட்டியவை. அன்று கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேறு. சாதாரண போனோ ஸ்டேஜில் போட்டால் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் மேல்சுருதி மங்கிவிடும். ஆகவே 78 நிறைய வைத்திருப்பவர்கள், 78-க்குத் தனி அளவு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பல லட்சம் விலையுள்ள கருவிகளில் இது இல்லாமல் இருக்கும். மலிவான சிலவற்றில் இருக்கும். இன்னொன்று: அரக்குத் தட்டை ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், மெல்லிய துணி, அது போதும். சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையோரம் இருப்பவர்களுக்கு தூசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஒன்றரை லட்சத்துக்கு வருவோம்.

கார்ட்ரிட்ஜ் இரண்டு வகை. எம்.எம். எனப்படும் மூவிங் மேக்னட், எம்.சி. எனப்படும் மூவிங் காயில். எம்.எம். வகையில் 4, 5 மில்லிவோல்ட் வரும். ஆர்ட்டோபோன் 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட் கொடுக்கிறது. ஆடியோ டெக்னிகா வி.எம். 95இ 4 மில்லிவோல்ட். இவற்றுக்கு 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு பெருக்கம் போதும். எம்.சி. வகையில் மின்சாரம் இன்னும் குறைவு. ஜப்பான் வானொலிக்காக 1960-களில் உருவாக்கிய டெனான் டி.எல். 103 இன்றும் விற்கிறது, அது 0.3 மில்லிவோல்ட்தான். அதற்கு 60 டெசிபெல், அதாவது 1000 மடங்கு வேண்டும். விலை உயர்ந்த போனோ ஸ்டேஜ்கள் பெரும்பாலும் இந்த 1000 மடங்கை இரைச்சல் இல்லாமல் செய்வதற்காகத்தான் அவ்வளவு விலை. உங்களிடம் இருப்பது எம்.எம். என்றால் அந்தத் திறமைக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை. மாட்டுவண்டிக்கு ரேடியல் டயர் எதற்கு?

எம்.எம். கார்ட்ரிட்ஜுக்கு இன்னொரு கணக்கு உண்டு. கடைக்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை. 47 கிலோ ஓம் என்பது எல்லாக் கருவியிலும் ஒன்றுதான். ஆனால் கெப்பாசிட்டன்ஸ் வேறுபடும். வி.எம். 95இ-க்கு 100 முதல் 200 பிக்கோபாரட் வரை போதும் என்கிறார்கள். 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300. டர்ன்டேபிளிலிருந்து வரும் வயரே மீட்டருக்கு ஏறக்குறைய 100 சேர்த்துவிடும். அதற்கு மேல் போனோ ஸ்டேஜும் 200, 300 வைத்தால் மேல்சுருதியில் ஒரு மேடு உண்டாகும். "ச", "ஸ" எல்லாம் சீறும். பாடகர் மேல் பழி போடுவோம். இந்த அளவைச் சிறு சுவிட்சால் மாற்ற வசதி உள்ள கருவி, மாற்ற முடியாத விலை உயர்ந்த கருவியைவிட நல்லது என்பது என் கருத்து.

இப்போது அந்த "உம்ம்ம்".

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் 50 ஹெர்ட்ஸை நடுச்சுருதியைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு கூட்டுகிறது. 100 மடங்கு பெருக்கும் கருவி, அந்த இடத்தில் 700 மடங்கு பெருக்குகிறது. எம்.சி. என்றால் 7000 மடங்கு. வீட்டு வயரிங்கில் இருக்கும் சின்னக் குறையை இவ்வளவு பெரிதாக்கிக் காட்டும் பொருள் உங்கள் வீட்டில் வேறு இல்லை. அதனால் பணத்தைக் கருவியில் போடும் முன் இவற்றைப் பாருங்கள். டர்ன்டேபிளின் பச்சை கிரவுண்ட் வயர், போனோ ஸ்டேஜின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா? கருவியின் அடாப்டர் டர்ன்டேபிளை ஒட்டி இருக்கிறதா? ஓரடி, இரண்டடி தள்ளி வையுங்கள். ஃபேன் ரெகுலேட்டர் பழைய டிம்மர் மாதிரித் திருகும் வகை என்றால் "ர்ர்ர்" என்று ஒரு சத்தம் சேரும். படிப்படியாக மாறும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் போட்டால் பெரும்பாலும் போய்விடும், செலவும் சில நூறு ரூபாய்தான். ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்க நம் ஊர் வெயில் விடாது. டி.வி.யையும் அதே ஆம்ப்ளிஃபயரில் இணைத்திருந்தால் கேபிள் டி.வி. வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் இரண்டு எர்த் சேர்ந்து வளையம் போட்டிருக்கிறது என்று பொருள். எல்லாப் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சத்தம் போக வேண்டும் என்று மூன்றாவது பின்னை உடைக்கவோ, எர்த் வயரை வெட்டவோ கூடாது. சில மெக்கானிக்குகள் இதை வைத்தியம் மாதிரிச் சொல்கிறார்கள். சத்தம் நிற்கத்தான் செய்யும். ஒரு நாள் ஆம்ப்ளிஃபயருக்குள் இன்சுலேஷன் போனால், வால்யூம் திருகத் தொடும் பேரன் கையில் 230 வோல்ட்.

இது தனி வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. நம் பக்கம் நிறைய இடங்களில் கரிசல் மண். சித்திரை, வைகாசியில் காய்ந்து வெடிக்கும். எர்த் குழியும் அதோடு காய்ந்துபோகும். எர்த் பலவீனமானால் ஆம்ப்ளிஃபயர், ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொடும்போது விரலில் சுர்ரென்று ஒரு கூச்சம் தெரியும். பி பிளாக்கில் இரண்டு பேர் இதைச் சொன்னார்கள். எலக்ட்ரீஷியன் வந்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் விசாரிக்க வேண்டும். எர்த் குழி நான்குக்கும் கோடையில் தண்ணீர் ஊற்றுவதையும், ஆண்டுக்கு ஒருமுறை அளவெடுப்பதையும் பராமரிப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாட்டுக் கேட்காதவர்களும் அதில் கையெழுத்துப் போடலாம்.

சரி, ஒன்றரை லட்சம் கொடுத்தால் என்னதான் கிடைக்கும்? நேர்மையாகச் சொன்னால், சில நல்ல விஷயங்கள் கிடைக்கும். எம்.சி.யில் இரைச்சல் குறையும். ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் துல்லியமாக இருக்கும். கீறல் விழுந்த தட்டில் "டொக்" என்று வரும்போது கருவி திணறாமல் உடனே நிதானத்துக்கு வரும்; நம் தட்டுகளின் நிலைக்கு இது நிஜமாகவே முக்கியம். ஆனால் இதே குணங்களில் பெரும்பகுதி இருபது, இருபத்தைந்தாயிரத்தில் எம்.எம். கருவிகளில் கிடைத்துவிடுகிறது. மீதி கனமான அலுமினியப் பெட்டிக்கும் பெயருக்கும் போகிறது. வால்வு வைத்த கருவிகள் அழகுதான், மறுக்கவில்லை. மே மாதம் பெரம்பலூரில் ஹாலுக்குள் இன்னொரு அடுப்பு வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அவரிடம் நான் சொன்னது இது. முதலில் ஊசியை மாற்றுங்கள். எர்த் சரியாகட்டும். எம்.எம். கார்ட்ரிட்ஜோடு, கெப்பாசிட்டன்ஸ் மாற்றும் வசதியும் 78 சுவிட்சும் உள்ள ஒரு நடுத்தரக் கருவி வாங்குங்கள். ஆறு மாதம் கேளுங்கள். அதற்குப் பிறகும் எம்.சி. ஆசை இருந்தால் பணம் வங்கியில் பத்திரமாகத்தான் இருக்கும்.

திருச்சிக்கோ சென்னைக்கோ போய் வாங்கும்போது, கடையில் ஓடும் பாட்டை நம்பாதீர்கள். அவர்கள் தட்டு புதுசு, அவர்கள் எர்த் வேறு. திருப்பிக் கொடுக்கும் வசதியை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் தட்டில்லாமல், ஊசியைத் தூக்கி வைத்து, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூம் வையுங்கள். உட்காரும் இடத்திலிருந்து சத்தம் கேட்கக் கூடாது. பிறகு பழக்கமான தட்டு ஒன்றின் கடைசிப் பாட்டைப் போடுங்கள், முதல் பாட்டை அல்ல. தட்டின் உள்வட்டத்தில்தான் குறைகள் வெளியே வரும். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும் நேரத்தில் ஒருமுறை, இன்வெர்ட்டரில் ஓடும்போது ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் டிரான்ஸ்பார்மர் கரகரக்கும்; அதற்குக் கருவி பொறுப்பல்ல.

டிரங்குப் பெட்டிக்காரம்மா, தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நிற்க வைத்துக் கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு இதே கூடத்தில் 78 ஊசியோடு இருப்பேன். லிஃப்டில் வாருங்கள், படியில் வேண்டாம். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் அப்பளம்தான்.