துண்டும் உங்கள் கையொப்பமும்



தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளிலிருந்து வந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் பலர் இந்த மேடை ஏறியிருக்கிறீர்கள். அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த கைகள் இன்று தட்டுகின்றன. உங்களை மனமார வாழ்த்துகிறேன்.

விரைவில் ஒரு வேலை ஒப்பந்தம் உங்கள் முன் வைக்கப்படும். அந்தத் தாளைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நம் மூதாதையரையும் ஒரு தாள் கட்டிவைத்திருந்தது. அதற்குத் துண்டு என்று பெயர். தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு அது. துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. கடனோ, கடல் கடந்து இலங்கைக்கு வந்த வழிச்செலவிலேயே தொடங்கிவிடும். கணக்கு, தொழிலாளரை அழைத்துவந்த கங்காணியின் கையில். சொல்லாமல் வெளியேறினால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் இந்தக் கொடுமையை எதிர்த்துப் போராடினார்கள். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இன்று சிறை இல்லை. ஆனால், “விலகிய பின் இதே துறையில் வேலை செய்யமாட்டேன்” என்ற நிபந்தனை ஒப்பந்தங்களில் வருகிறது. பல ஆண்டு உழைத்தவரிடமும் திடீரென்று அதை நீட்டிக் கையொப்பம் கேட்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் அவரும் போட்டுவிடுகிறார்.

வேலையில் இருக்கும்வரை நிறுவனத்துக்கு விசுவாசமாக இருப்பது நம் கடமை. இந்திய உச்ச நீதிமன்றமும் 1967இல், கோலிகாரி வழக்கில், ஒப்பந்தக் காலத்துக்குள் வேறிடத்தில் வேலை செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு செல்லும் என்றது. விலகிய பின்னும் பிழைப்பைத் தடுப்பது வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவில், அதைச் செல்லாததாக்குகிறது. இலங்கை நீதிமன்றமோ, காலமும் இடமும் தொழிலின் எல்லையும் நியாயமானவையா என்று பார்க்கும். ஆனால் நீதிமன்றப் படியேற எத்தனை தொழிலாளருக்கு வசதி உண்டு? செல்லாத நிபந்தனையும் அச்சத்தாலேயே ஆளைக் கட்டிவைக்கிறது.

ஆகவே பிள்ளைகளே, வாசிக்காமல் கையொப்பமிடாதீர்கள். யோசிக்க அவகாசம் கேளுங்கள், பிரதி கேளுங்கள், புதிய கட்டுப்பாட்டுக்கு ஈடாக என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். தொழிற்சங்கத்திடமோ சட்டத்தரணியிடமோ காட்டுங்கள்.

உங்களில் சிலர் நாளை முகாமையாளராகி ஒப்பந்தங்களை எழுதுவீர்கள். நிறுவனத்தின் இரகசியத்தைக் காக்க வேண்டியதை மட்டும் எழுதுங்கள். ஒருவரின் பிழைப்பில் கை வைக்காதீர்கள். விரும்பிய இடத்தில் உழைக்கும் உரிமை இந்த மண்ணில் போராடிப் பெற்றது. அதை உங்களுக்கும் காத்துக்கொள்ளுங்கள், உங்கள் கீழ் உழைப்பவருக்கும் கொடுங்கள்.