ஒரு போத்தல் தண்ணீர்



எங்கள் பாடசாலைச் சாரணியப் பிள்ளைகள் 11 பேரைப் புனேக்குக் கூட்டிச் சென்றோம். 1966இல் திறக்கப்பட்ட ‘சங்கம்’ உலக சாரணியர் நிலையம் அங்கேதான் இருக்கிறது.

வழியில், சென்னை சென்ட்ரலில் எண்ணினால் பத்துப் பேர். கடவுச்சீட்டுகளோ எங்கள் பையில்! கால் மணி நேரத்தில் ஓடிவந்தவளை எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டோம். 15 வயதுப் பிள்ளை. இரண்டு நாள் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகுதான் தோழி சொன்னாள்: மத்தியானம் முதல் ரீச்சர்மார் தண்ணீர் குடிக்கவில்லையென்று போத்தல் வாங்கப் போனாளாம். (நாங்கள் அதைக் கவனிக்கவுமில்லை.)

அன்றிரவு, எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

“சரி ரீச்சர், இனிச் சொல்லிப்போட்டுப் போறன்” என்றாள்.