சேற்றில் விரித்த பந்தி



கவலைப்படாதீர்கள் என்று சொன்ன ஆண்டவர் இயேசு, அடுத்த மூச்சிலேயே வானத்துப் பறவைகளைப் பார்க்கச் சொல்கிறார். மத்தேயு இங்கே கையாளும் கிரேக்கச் சொல்லுக்கு உற்றுநோக்குதல் என்று பொருள். லூக்காவோ, இன்னும் குறிப்பாகக் காகங்கள் என்கிறார். லேவியர் நூல் தீட்டு என்று ஒதுக்கிய பறவை அது! கவலைப்படாதே என்பதைப் பிறருக்குச் சொல்ல நமக்கு நன்றாகத் தெரியும். பார்க்கச் சொன்னதைத்தான் மறந்துவிட்டோம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பங்கு இளையோர் பன்னிரண்டு பேரோடு சென்னை அடையாறு உப்பங்கழியில் இருக்கும் தொல்காப்பியப் பூங்காவுக்குப் பறவை பார்க்கப் போனேன். இருந்தது ஒரே தொலைநோக்கி, அதற்குத்தான் சண்டை. நீரோரத்தில் ஏதோ மண்கட்டி கிடக்கிறது என்று நினைத்தோம். கட்டிக்குக் கழுத்து முளைத்தது. மடையான்! இருபது நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு ஒரே கொத்து, அலகில் மீன். பறந்தபோதுதான் சிறகெல்லாம் வெள்ளை என்று தெரிந்தது. நீர்க்காகம், மீன்கொத்தி என்று பட்டியல் நீண்டது. காகத்தை மட்டும் யாரும் எழுதவில்லை. மதியம் வெளியே மரநிழலில் ஒருவனுடைய சோற்றுப் பொட்டலத்தில் அது வாய் வைத்த பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

மடையானுக்கு அந்த மீன் எப்படிக் கிடைத்தது? ஒரு காலத்தில் அங்கே குப்பையும் கட்டட இடிபாடும் கழிவுநீரும்தான். என் வயதுக்காரர்களுக்கு அந்த நாற்றம் நினைவிருக்கும். 58 ஏக்கரில் அவற்றை அகற்றி, நீர் ஓட வழி செய்து, அலையாத்தி முதலிய கன்றுகளை நட்டு, 2011இல் பூங்காவைத் திறந்தார்கள். அலையாத்தி வேர்களுக்கிடையே மீன்குஞ்சும் நண்டும் ஒதுங்கும். அவற்றைத் தேடிப் பறவை வரும்.

விண்ணகத் தந்தை பறவைகளுக்கு உணவளிக்கிறார், உண்மை. அவர் பந்தி விரிப்பது இந்தச் சேற்றில்தான். அதன்மேல் இடிபாட்டைக் கொட்டியவர்கள் நாம். மறுபடி விரிக்கவும் மனிதக் கைகள் வேண்டியிருந்தன. இறைப் பராமரிப்பு பிற படைப்புகளின் வழியாகவும் செயல்படுகிறது என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தார். குருமடத்தில் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். சேற்றோரத்தில் நின்றபோது இன்னும் நன்றாக விளங்கியது.

இதை இன்று பேசக் காரணம் உண்டு. எங்கள் பங்கில் ஒரு சகோதரியின் கணவருக்கு வேலை போய்விட்டது. இரண்டு பிள்ளைகள். இந்த நற்செய்தியை வாசித்த ஞாயிறன்று, "குருவிக்கு ஸ்கூல் ஃபீஸ் இல்லையே, ஃபாதர்?" என்று கேட்டார். அவரிடம் அனுமதி பெற்றே சொல்கிறேன். கவலைப்படாதேம்மா என்று சொல்லி அவரை அனுப்பிவிடலாம். அது நற்செய்தியைக் காட்டிக் கதவைச் சாத்துவதற்குச் சமம். அவர் கவலையின்றி இருக்க வேண்டுமென்றால், அவரைச் சுற்றியிருக்கும் நாம் கொஞ்சம் கவலைப்பட்டாக வேண்டும்.

அவருடைய அன்பியத்தில் ஏழு வீடுகள் சேர்ந்து முதல் பருவக் கட்டணத்தைக் கட்டிவிட்டன. அதில் மூன்று வீடுகள் தினக்கூலிக் குடும்பங்கள். இரண்டாம் பருவத்துக்கு அக்டோபரில் கட்ட வேண்டும். அதற்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.