இரண்டாவது குரலுக்கும் ஒரு வரி
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்று காலை பாடசாலைக் கீதத்தை இரண்டு குரலில் பாடினோம். "நாங்கள் படித்த காலத்தில் கேட்ட மாதிரியே இருந்தது" என்று பலர் சொன்னீர்கள். அந்த இரண்டாவது குரல் திரும்பி வந்த கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

கீதத்தின் மேற்குரல் ஒருநாளும் தொலையவில்லை. ரொறன்ரோவில் இருந்தாலும் மெல்பேணில் இருந்தாலும், சமைத்துக்கொண்டே அதை முணுமுணுக்க நம் எல்லோருக்கும் தெரியும். கீழ்க்குரல் அப்படியல்ல. இடப்பக்க வரிசையில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் அது தெரியும். அதை எழுதி வைத்திருந்த கொப்பி, 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன வீடொன்றில் இருந்தது. பழைய மலர்களில் அச்சான சுரதாளக் குறிப்பிலோ மேற்குரல் மட்டுமே இருந்தது.

அச்சிட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. நமது சுரதாளக் குறிப்பு ஒரு குரலுக்காக வளர்ந்தது. ஏழு சுர எழுத்துகள், ஓர் அட்சரம் நீட்டக் காற்புள்ளி, இரண்டு அட்சரம் நீட்ட அரைப்புள்ளி, ஸ்தாயியைக் காட்ட மேலும் கீழும் புள்ளி, தாளத்துக்குக் கோடு. இவ்வளவும் இருந்தால் ஒரு கீர்த்தனையைக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிடலாம். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இலேயே கமகங்களுக்கும் அடையாளங்கள் தந்தது. ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரம் பாடுவதை எழுதும் தேவை நமது சங்கீதத்தில் இருக்கவில்லை.

அந்தத் தேவை இருந்த இடத்தில் வழியும் பிறந்தது. இங்கிலாந்தின் நோர்விச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை பிள்ளைகளுக்காக ஓர் எழுத்துக் குறிப்பு முறையை அமைத்தார். ஜோன் கேர்வன் 1840களில் அதைத் திருத்தி வளர்த்தார். டோ, ரே, மீ என்பவற்றின் முதலெழுத்துகளே அதில் சுரங்கள். நான்கு குரலென்றால் ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு வரிகள். சிறு கோடு போட்டால் முந்திய சுரம் நீளும். வெறுமையாக விட்டால் அந்தக் குரல் மௌனம். பின்னாளில் கணினிக்கு வந்த ஏபிசி குறிமுறையிலும் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் பெயரும் வரியும் உண்டு. மௌனத்துக்கும் ஓர் எழுத்து உண்டு.

இந்த மௌனத்தில்தான் நாங்கள் பிழைவிட்டோம். வெளிநாட்டில் இருக்கும் மூத்த அக்கா ஒருவர், தமக்கு நினைவிலிருந்த கீழ்க்குரலைக் கைத்தொலைபேசியில் பாடி அனுப்பினார். ஓரிடத்தில் இரண்டு அட்சரம் அவர் ஒன்றும் பாடவில்லை. மறந்துவிட்டார் என்று எண்ணி, காற்புள்ளி போட்டு முன்சுரமான காந்தாரத்தை நீட்டினோம். பாடிப் பார்த்தபோது காது கூசியது. மேற்குரல் மத்திமத்துக்கு வரும்போது கீழே காந்தாரம் நின்றதால் இரண்டும் உரசின. அக்காவிடமே கேட்டோம்.

"நான் மறக்கல்ல புள்ள. அந்த இடத்தில நாங்க பாடாம நிப்பம். ரீச்சர் கையைக் காட்டினாப் பிறகுதான் எடுப்பம்" என்றார்.

மௌனத்துக்குப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு அந்த அடியைத் திருத்தினோம்:

மேல்: க ம ப , | ப ம | க , ||
கீழ்: ஸ ரி க , | 0 0 | ஸ , ||

ஆதி தாளம், இரண்டு வரியிலும் எட்டு எட்டு அட்சரம். ஒரு வரியில் ஏழு வந்தால் பாடிப் பார்க்காமலே பிழையைப் பிடித்துவிடலாம்.

வட்ஸ்அப்பில் அனுப்பியபோது வேறு தொல்லை. தமிழ் எழுத்துகள் ஒரே அகலமில்லை. ஆளுக்கொரு தொலைபேசியில் வரிகள் விலகி நின்றன. ஆகவே இடைவெளியை நம்பாமல் தாளக் கோட்டை நம்பச் சொன்னோம். ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் இலக்கம் இட்டோம். ஸ்தாயிப் புள்ளிகள் தட்டச்சில் சரியாக விழாதபோது, "மந்திர ப" என்று சொல்லாகவே எழுதினோம். தனிக் குரலுக்கு வேண்டிய தாளை இரண்டு வரியும் சேர்ந்த மூலப்பிரதியிலிருந்தே எடுத்தோம். திருத்தமும் முதலில் அதில்தான். இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு பாடம், லண்டனில் வேறொரு பாடம் என்றாகிவிடும்.

இந்தக் கல்லடியில் சமாதி கொண்டிருக்கும் சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த தமது யாழ்நூலில், வழக்கொழிந்துபோன யாழ்களின் இசையைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து கணக்கிட்டு விளக்கினார். யாழ் அழிந்தாலும் எழுத்து நின்றதால் அது முடிந்தது. நமக்கு எழுத்து அழிந்துவிட்டது. நல்லகாலம், பாடிய ஒருவர் இருந்தார். எல்லாப் பாட்டுக்கும் அப்படி ஒருவர் காத்திருக்கமாட்டார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாப் பாட்டோ, ஒளிவிழாப் பாட்டோ, கலைமகள் விழாப் பாட்டோ, கீழ்க்குரல் பாடியவர்கள் இருந்தால் உங்கள் பங்கை மட்டும் பாடி அனுப்புங்கள். தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இராது, அதற்காக வெட்கப்படவேண்டாம். எந்த இடத்தில் பேசாமல் நின்றீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதையும் எழுதிக்கொள்கிறோம்.