வயிற்றின் புகார்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாப்பாட்டைப் பற்றிப் பேச ஒரு டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். வங்கி கவுன்டரில் காலம் தள்ளிய ஒரு பி.காம். ஆளுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. மருத்துவம் சொல்ல நான் வரவில்லை. எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல வாட்ஸ்அப்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்போது போதும் என்று நிறுத்துவது, அதை யாரிடம் கேட்பது என்பதைப் பற்றி நம் ஊரிலேயே ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் செயலாளரிடம் இருபது நிமிஷம் கேட்டேன்.

ஔவையாரின் 'நல்வழி'யில் வயிற்றைத் திட்டி ஒரு வெண்பா இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பலரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஒரு நாளைக்குச் சோறு இல்லாமல் இரு என்றாலும் நீ கேட்பதில்லை, கிடைக்கிறபோது இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்றாலும் மாட்டேன் என்கிறாய், என் கஷ்டம் உனக்குத் தெரிவதே இல்லை, உன்னோடு குடித்தனம் நடத்துவது பெரும்பாடு என்று வயிற்றிடம் சலித்துக்கொள்கிற பாட்டு. பாடியவருடைய நிலைமை அப்படி. அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாத புலவரின் குரல் அது.

ரமணாசிரமத்தில் ஒரு சித்ரா பௌர்ணமி அன்று பெரிய விருந்து. எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார முடியாமல் நெளிந்துகொண்டிருக்கிறார்கள். அப்போது ஒருவர் ஔவையாரின் இந்தப் பாட்டை எடுத்துச் சொன்னார். கேட்ட ரமணர், அதே வெண்பாவைத் திருப்பிப் போட்டு, வயிறு மனிதனைப் பார்த்துப் புகார் சொல்வதுபோல ஒன்றைப் பாடினார். எனக்கு ஒரு நாழிகைகூட ஓய்வு கொடுக்கமாட்டேன் என்கிறாய், நாள் தவறாமல் தின்றுகொண்டே இருக்கிறாய், நான் படும் பாடு உனக்குத் தெரியாது, உன்னோடு வாழ்வதுதான் கஷ்டம் என்று வயிறு சொல்கிறது. நாழிகை என்றால் 24 நிமிஷம். வயிறு கேட்ட லீவு அவ்வளவுதான்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு இது உடனே புரியும். பணம் வரத் தாமதமானால் கவுன்டரில் இருக்கிற குமாஸ்தாவைத்தான் வாடிக்கையாளர் திட்டுவார். உத்தரவு போட்டது மேலே வேறு யாரோ. ஏப்பம் வந்தாலும் எரிச்சல் வந்தாலும் நாம் வயிற்றைத்தான் திட்டுகிறோம். அந்த நாலாவது பூரிக்கு உத்தரவு போட்டது யார்?

கடிகாரம் போட்டிருக்கலாம். ஒரு மணி ஆகிவிட்டது, சாப்பிடு. தட்டு போட்டிருக்கலாம். மிச்சம் இருக்கிறது, காலி பண்ணு. எதிரே நிற்கிறவர் போட்டிருக்கலாம். "இன்னும் ஒரு கரண்டி, வெட்கப்படாதீங்க." டிவி, தூக்கமின்மை, பிள்ளையிடமிருந்து போன் வராத ஞாயிற்றுக்கிழமை, இவற்றுக்கும் அந்த அதிகாரம் உண்டு. வயிற்றைத் தவிர மற்ற எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

தட்டைக் காலி செய்யும் வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை நான் கேலி செய்யமாட்டேன். அறுபதுகளின் நடுவில் நாட்டில் மழை பொய்த்து, அமெரிக்காவிலிருந்து கப்பலில் கோதுமை வந்தது. தமிழ்நாட்டில் 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அரிசிக்காக ஓட்டு மாறிய காலம். அந்த வீடுகளில் இலையில் ஒரு பருக்கை மிஞ்சினால் அடி விழும். சரியான சட்டம்தான். அந்தச் சட்டம் போட்டபோது இலையில் விழுந்தது ஒரு கரண்டிச் சோறு. இன்றைக்கு ரேஷன் அட்டைக்கு அரிசி இலவசம், போனைத் தட்டினால் பிரியாணி வாசலுக்கு வருகிறது, சட்டம் மட்டும் மாறவில்லை. சோறு வீணாகக் கூடாது என்றால் கரண்டியில்தான் கை வைக்க வேண்டும். வாங்குவதைக் குறைக்காமல் மிச்சத்தை உள்ளே தள்ளினால் குப்பைக்கூடைக்குப் பதிலாக நம் வயிறு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை டயட் ஆரம்பிக்கிறவர்கள். காலை வெந்நீரும் எலுமிச்சையும், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒன்றுமில்லை. வியாழக்கிழமை வரை தாங்கும். வெள்ளிக்கிழமை பிரதோஷம், கோயில் வாசலில் சுண்டல், சனிக்கிழமை சம்பந்தி வீட்டு விசேஷம். ஞாயிற்றுக்கிழமை தன்னையே திட்டிக்கொண்டு, மறுபடி திங்கட்கிழமை. இது மன உறுதி இல்லாததால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், தாங்களே முன்வந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்குப் பாதிச் சாப்பாடு போட்டார்கள். உடம்பு இளைத்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் மனசு போன போக்கைப் பாருங்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சாப்பாட்டுப் பேச்சு. அதுவரை சமையலறைப் பக்கமே போகாத ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வாசித்தார்கள், தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றாலும் போதவில்லை. நல்ல மன உறுதி உள்ளவர்கள்தான் அத்தனை பேரும். பட்டினி போட்டால் உடம்பு அப்படித்தான் பதில் சொல்லும். வெள்ளிக்கிழமை சுண்டலுக்கு நீங்கள் தோற்றது இந்தக் கணக்கில்தான் வரும்.

1995-ல் ஈவ்லின் டிரைபோல், எலீஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவு ஆலோசகர்கள் 'இன்டியூட்டிவ் ஈட்டிங்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். டயட்டை விடு, பசியைக் கேள், நிறைந்ததும் நிறுத்து, எந்தச் சாப்பாட்டையும் விரோதியாக நினைக்காதே, உடம்பைத் திட்டாதே என்பது அதன் சாரம். பசியைக் கேட்பதும் அளவோடு நிறுத்துவதும் நமக்குப் புதிதில்லை. திருக்குறளில் 'மருந்து' என்று 95-ஆம் அதிகாரம் இருக்கிறது. பேர் மருந்து, ஆனால் பத்தில் ஆறு குறள் சாப்பாட்டைப் பற்றி. முன்பு தின்றது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்த பிறகு உண், அளவு அறிந்து உண், ஒத்துக்கொள்வதை உண். தராசும் இல்லை, கலோரியும் இல்லை. கேட்க வேண்டியது உள்ளே இருக்கிற ஆளிடம். வைத்தியர் கடைசி மூன்று குறளில்தான் வருகிறார்.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எந்த உணவுக்கும் தடை வேண்டாம் என்கிறது அமெரிக்கப் புத்தகம். ஒத்துக்கொள்வதைச் சாப்பிடு என்று வள்ளுவர் ஒரு நிபந்தனை வைக்கிறார். நான் வள்ளுவர் கட்சி. ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். நம் கட்டடத்தில் லிஃப்டில் ஏறும் நாலு பேரில் ஒருவராவது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்கிறோம். ஜாங்கிரி விரோதி இல்லை, சரி. எல்லா நாளும் வருகிற விருந்தாளியும் இல்லை. இன்னொன்று, ஜவ்வாது மலைச் சாமை நல்ல தானியம், வாங்குங்கள். ஆனால் சாமையில் செய்தாலும் சர்க்கரைப் பொங்கல் சர்க்கரைப் பொங்கல்தான்.

பசி என்பது நிஜமா பழக்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வயிறு காலியாகும்போது அங்கிருந்து சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999-ல் கண்டுபிடித்தது. தினமும் நாலு மணிக்கு பஜ்ஜி தின்றால் நாலு மணிக்கு அதுவும் தயாராக வந்து நிற்கும். ஆகவே நேரத்துப் பசி பொய் இல்லை, நாம் பழக்கியது. போதும் என்ற செய்தி வருவதற்குத்தான் தாமதம், சுமார் கால் மணியிலிருந்து இருபது நிமிஷம். பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்தால் அந்தச் செய்தி வரும்போது தட்டு கழுவியாகிவிடும். எனக்குத் தெரிந்த எளிய சோதனை ஒன்று: பழைய சோறும் மோரும் வைத்தால் சாப்பிடுவேனா? ஆம் என்றால் பசி. இல்லை, மசால் தோசை என்றால் மட்டும் சாப்பிடுவேன் என்றால் அது ஆசை. ஆசைக்கும் சாப்பிடலாம், பாவமில்லை. ஆசை என்று தெரிந்து ஒன்று சாப்பிட்டால் ஒன்றோடு எழலாம். பசி என்று நினைத்துக்கொண்டால் மூன்றாகும்.

பௌர்ணமி கிரிவலத்தில் இதைச் செய்து பாருங்கள். 14 கிலோமீட்டர் நடக்கிறோம். வழியெல்லாம் தொன்னையில் பொங்கல், புளியோதரை, மோர். கொடுக்கிறவர்களுக்குப் புண்ணியம், வெளியூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்த பக்தருக்கு அது ஒரு வேளைச் சாப்பாடு. வீட்டில் டிபன் முடித்துவிட்டுக் கிளம்பிய உள்ளூர்க்காரர் ஒவ்வொரு இடத்திலும் கை நீட்டினால் அந்த அன்னதானம் யாருக்குப் போகிறது? பிரசாதத்தை மறுக்கக் கூடாது என்பார்கள். ஒரு விரல் எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டாலும் அது பிரசாதம்தான்.

இதுவரை சொன்னது பொதுவாக. இரண்டு தரப்பினருக்கு இது பொருந்தாது. முதலாவது, இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும். பசிக்கும்போது சாப்பிடுகிறேன் என்று நீங்கள் காத்திருக்கக் கூடாது. மருந்து உள்ளே போய்விட்டால் அதற்கு வேளைக்குச் சோறு வேண்டும். கார்த்திகை தீபத்தன்று மலையில் தீபம் ஏற்றுகிற மாலை ஆறு மணி வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்கிறவர்கள் நம் பிளாக்கிலேயே உண்டு. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் அது பக்திப் பரவசம் இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. நினைவு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். விரதம் இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். இருக்கக் கூடாது என்று அவர் சொன்னால் பாலும் பழமும் எடுத்துக்கொண்டே தீபம் பாருங்கள். அண்ணாமலையார் கோபிக்கமாட்டார்.

இரண்டாவது, எழுபது எழுபத்தைந்து தாண்டித் தனியாக இருப்பவர்கள். வயதானால் பசியும் தாகமும் சத்தம் குறைத்துப் பேசும். சில மாத்திரைகளும் பசியை மந்தமாக்கும். "பசியே இல்லை, இரண்டு பிஸ்கட்டும் காபியும் போதும்" என்று ராத்திரியை முடித்துக்கொள்கிற பெரியவர்கள் நம்மிடையே பலர். பிள்ளைகள் வெளிநாட்டில், ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்டுவானேன் என்ற சோர்வு. இவர்கள் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். பருப்பு, முட்டை, தயிர், ஏதாவது ஒன்று வேளைக்கு உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் தசை கரைந்து எழுந்து நடக்கவே சிரமமாகும். பக்கத்துக் கதவைத் தட்டி "இன்றைக்கு எங்க வீட்டுல சாப்பிடலாம், வாங்க" என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கூட ஒரு ஆள் உட்கார்ந்தால் அவர்களுக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

பேரக்குழந்தைகளை மறந்துவிட்டேன். போனில் பொம்மைப் படம் காட்டி, வாய் திறக்கும்போது ஒரு கவளம் தள்ளுகிறோம். அந்தக் குழந்தைக்குத் தான் சாப்பிட்டதே தெரியாது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவு நிபுணர் இதில் ஒரு வேலைப் பிரிவினை சொல்கிறார். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. பாட்டிமார்களுக்கு இது ஒப்புக்கொள்ளக் கஷ்டமான ஏற்பாடு என்று தெரியும். குழந்தையின் எடை சரியாக ஏறுகிறதா என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். "குண்டாயிட்டியே", "இளைச்சுட்டியே" என்று மாடிப்படியில் பார்க்கும் பிள்ளைகளிடம் சொல்வதையும், குறிப்பாகப் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பெண் குழந்தைகளிடம் சொல்வதையும் தயவுசெய்து நிறுத்திவிடலாம். நாம் மறந்துவிடுவோம், அவர்கள் கண்ணாடி முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆசிரமத்துக்கே ஒருமுறை திரும்பிவிட்டு முடிக்கிறேன். ரமணர் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து, எல்லோருக்கும் என்ன அளவோ அதுவேதான் தனக்கும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். தனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைத்தால் கோபித்துக்கொள்வார். நம் பொங்கல் விழா பந்திக்கு அதிலிருந்து ஒரு யோசனை. பரிமாற இந்த வருஷம் சின்னக் கரண்டி வாங்கலாம். கேட்டால் மறுபடி வைக்கலாம், போதும் என்று இலையின் மேல் கை வைத்துவிட்டால் விரலுக்கு நடுவில் ஊற்றக் கூடாது. மிஞ்சுவதைப் பந்தி முடிந்த அரை மணிக்குள் வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சூடாகவே கொடுத்துவிடலாம், மறுநாள் காலை வரை வைத்திருந்து கொடுக்க வேண்டாம். கமிட்டி இதைப் பரிசீலிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளியே போண்டாவும் காபியும் தயாராக இருப்பதாகச் செயலாளர் ஜாடை காட்டுகிறார். பசிக்காதவர்களுக்குக் கட்டிக் கொடுக்கக் காகிதமும் வாங்கி வைத்திருக்கிறாராம்.